குளத்தைத் தெளியவைத்த குற்றம்

உங்கள் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டபோது, "மேடம், உங்க சாதனைகள்ல ஒண்ணைச் சொல்லுங்க" என்றார்கள். சாதனையைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அதையெல்லாம் நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு மைக்கில் வாசித்து முடித்துவிட்டார்கள். அதில் பாதி நான் செய்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதனால் நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், கல்கத்தாவில், அரசாங்கச் செலவில், இரண்டு பட்டம் வாங்கிய மூளையை வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்தது.

நான் தூத்துக்குடிக்காரி. சிப்பி என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு மிதப்பு உண்டு. கணவருக்குக் கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. நானும் மத்திய மீன்வளத் துறையில் கெஞ்சிக் கூத்தாடி மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். டாக்குரியாவில் வாடகை வீடு, சால்ட் லேக்கில் ஆபீஸ். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் தினமும் இடிபட்டு, போகும்போது இஸ்திரி போட்ட சேலையோடு ஏறி, இறங்கும்போது கசக்கிப் பிழிந்த சேலையோடு இறங்குவேன். அந்த ஊரில் கடல் சிப்பி ஏது? குளத்து மட்டிதான். கறுப்பாக, உள்ளங்கை நீளத்துக்கு, சேற்றில் பாதி புதைந்து கிடக்கும். வங்காளிகள் ஜினுக் என்பார்கள்.

பார்த்தால் ஒன்றுக்கும் லாயக்கில்லாத ஜீவன் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது செய்கிற வேலையை முனிசிபாலிட்டி செய்தால் ஊர் எங்கேயோ போயிருக்கும். ஒரு பக்கம் தண்ணீரை உறிஞ்சி, அதிலிருக்கும் பாசியையும் தூசியையும் வடிகட்டி வைத்துக்கொண்டு, மறு பக்கம் தெளிந்த நீராக விடும். தீனி போட வேண்டாம், மருந்து வேண்டாம், கரண்ட் வேண்டாம். இராத்திரி பகல் கிடையாது, லீவும் கேட்காது. மட்டி வளர்த்தால் தண்ணீர் கெடாது, நல்லதாகும். இதைச் சொல்லிச் சொல்லி ஆபீஸில் எல்லோர் காதிலும் ரத்தம் வர வைத்தேன்.

வாயால் சொல்லி எடுபடவில்லை என்று ஒரு நாள் வராந்தாவில் இரண்டு கண்ணாடித் தொட்டிகளை வைத்து, இரண்டிலும் ஒரே குளத்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். ஒன்றில் மட்டும் முப்பது மட்டி. காலையில் இரண்டும் பசலைக்கீரை மசித்த மாதிரி இருந்தன. சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் திரும்பி வந்தபோது மட்டித் தொட்டியின் அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் சட்டைப் பொத்தானை எண்ணலாம். கணக்குப் பிரிவிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். கேன்டீன்காரர் ஒன்றைத் தன் குடிதண்ணீர்ப் பானையில் போட வேண்டும் என்று கேட்டார். நான் ஒரே நாளில் பெரிய ஆளாகிவிட்டேன்.

எங்கள் டைரக்டரும் வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் டெல்லி என்ற சொல்லைக் கேட்டால் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்புவார். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதையே ஒரு குளத்துல செஞ்சு காட்ட முடியுமா?"

"தாராளமா, சார்."

இந்த 'தாராளமா'வைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்காமல் வாயிலிருந்து வந்த சொல் அது.

"நவம்பர்ல டெல்லியிலிருந்து பெரிய ஆபீசர் வர்றார். அவர் வந்து நிக்கும்போது குளத்தோட அடி தெரியணும்" என்றார் டைரக்டர்.

கல்கத்தாவின் கழிவு நீர் கிழக்கே கால்வாய்களில் ஓடி, சால்ட் லேக்குக்கு அப்பால் பெரிய பெரிய குளங்களில் போய் விழும். பேரி என்று பெயர். அந்தத் தண்ணீரில்தான் தலைமுறை தலைமுறையாக மீன் வளர்க்கிறார்கள். நான் போனது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பேரிக்கு. அதில் ஓரமாக ஒரு சின்னக் குளம், மண்டல்தா என்பவர் பொறுப்பில் இருந்தது. ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, பேச்சு குறைவு. அங்கே அண்ணனைத் 'தா' என்பார்கள். எல்லோருக்கும் அவர் மண்டல்தா. என்னைத் தீதி, அதாவது அக்கா என்று கூப்பிட்டார். எனக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு, ஆனாலும் ஆபீசர் ஆயிற்றே.

அவர் நிலைமையை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, குளிர்காலத்தில் மீன் பிடித்து முடித்ததும் சங்கம் கூடும். குளத்தை நன்றாக வைத்திருந்தால் அதே ஆள் தொடரலாம். மீன் சிறுத்திருந்தால் குளம் வேறு ஆளுக்குப் போய்விடும். மண்டல்தா பதினைந்து வருஷம் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்து முட்டி தேய்ந்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்தான் அந்தக் குளம் அவர் கைக்கு வந்திருந்தது. அது போனால் திரும்ப ரிக்‌ஷாதான். இதைக் கேட்டு நான் ரொம்ப அனுதாபமாகத் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, உங்கள் குளத்தைத் தாருங்கள் என்றேன். சர்க்கார் கேட்டால் அவர் மாட்டேன் என்பாரா?

பெரிய வேலையாகத்தான் செய்தோம். மூங்கில் நட்டு, கயிறு கட்டி, வலைப் பைகளில் ஆயிரக்கணக்கான மட்டிகளைத் தொங்கவிட்டோம். புதிதாக அழுக்கு வரக்கூடாது என்று கழிவு நீர் வரும் மதகையும் மூடச் சொன்னேன். மண்டல்தா மதகின் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தார்.

"மூடவா, தீதி?"

"மூடுங்க, மண்டல்தா. கொஞ்சம்கூட ஒழுகக் கூடாது."

மூடிவிட்டார்.

மூன்று வாரம். தினமும் ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஒரு விரக்கடை தெளியும். கரையில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் மூங்கிலின் அடி தெரிந்தது. மறுநாள் ஒரு ஒற்றைச் செருப்பு தெரிந்தது. அதற்கடுத்த நாள் பித்தளைச் சொம்பு ஒன்று. மண்டல்தாவின் மனைவி அதைப் பார்த்து, இது என் சொம்பு, ஒரு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கணவரிடம் இதையே பேசியதில், அவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வேறு அறைக்குப் போனார்.

டைரக்டர் வந்து பார்த்துவிட்டு எனக்குக் கை கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். வரப்போகிற ஆபீசர் எங்கே நிற்பார், எந்தக் கோணத்தில் அடி தெரியும் என்று சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். அது ஒரு வியாழக்கிழமை. ஆபீசர் வருவது திங்கட்கிழமை.

போட்டோ எடுக்கும்போதே தகர டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூஜை ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த ஊரில் எப்போது பார்த்தாலும் எங்கேயாவது ஏதாவது தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். டைரக்டர் கிளம்பிப் போன பிறகும் சத்தம் நிற்கவில்லை. பார்த்தால், குளத்தின் அந்தக் கோடியில் மண்டல்தா எண்ணெய் டின்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தட்டித் தட்டி ஓடுகிறார். அவர் ஓட ஓட முன்னால் நீர்க்காகங்கள் எழும்புகின்றன. இந்தப் பக்கம் எழும்பி அந்தப் பக்கம் உட்காருகின்றன. கொக்கு வரிசையாக நிற்கிறது, மீன்கொத்தி மூங்கில் மூங்கிலாக உட்கார்ந்திருக்கிறது. நான் நட்ட மூங்கில்.

"என்ன மண்டல்தா, இவ்வளவு பறவை?"

"வருது, தீதி" என்றார். மூச்சு வாங்கியது. "அதுபாட்டுக்கு வருது."

அவர் மனைவி கரையிலிருந்த வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அண்ணியை அங்கே பௌதி என்பார்கள்; நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். கையிலிருந்த துணியைக் கொடியில் எறிந்துவிட்டு நேராக என் எதிரில் வந்து நின்றார்.

"வராம என்ன செய்யும்? கண்ணாடி அலமாரியில வெச்ச மிட்டாய் மாதிரி மீனை அடுக்கிக் காட்டினா? முன்னால தண்ணி பச்சையா இருக்கும், பறவைக்கு உள்ள இருக்கிறது தெரியாது. இப்போ அங்கேருந்தே பொறுக்கி எடுத்துட்டுப் போகுது."

"சும்மா இரு" என்றார் மண்டல்தா.

"மூணு வாரமா சும்மாத்தான் இருக்கேன். தீதி, நான் ஒண்ணு கேக்கறேன். தண்ணி ரொம்ப நல்லா இருக்கு. மீன் எதைத் தின்னும்? உங்க ஜினுக்கையா?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஏன் தெரியுமா? கழிவு நீரில் வெயில் பட்டால் பாசி வரும், அந்தப் பச்சைதான் மீனுக்குச் சோறு. இது என்ன பெரிய ரகசியமா? எம்.எஸ்ஸி. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது மட்டி என்பதும் எனக்குத்தான் தெரியும். இரண்டும் என் மண்டையில்தான் இருந்தன. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. மூன்று வாரமாக மீனின் தட்டிலிருந்து சோற்றை எடுத்து மட்டிக்குப் போட்டிருக்கிறேன். போதாததற்கு, சோறு வரும் மதகையும் நானே மூடச் சொல்லியிருக்கிறேன்.

வலை போட்டு நாலு மீனை எடுத்துப் பார்த்தோம். தலை இருந்தது, வால் இருந்தது, நடுவில் இருக்க வேண்டியதுதான் இல்லை.

ஆபீஸுக்கு ஓடி டைரக்டரிடம் சொன்னேன். மட்டியை எடுத்து, மதகைத் திறக்க வேண்டும் என்றேன்.

"செய்ங்க. செவ்வாய்க்கிழமை செய்ங்க."

"சார், இன்னும் நாலு நாள் தாங்காது. பசி ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம்."

"நாலு நாள்ல மீன் சாகாது. திங்கட்கிழமை குளம் பச்சையா இருந்தா நான் செத்துடுவேன்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. நாலு நாளில் மீன் எல்லாம் செத்துவிடாது. ஆனால் மண்டல்தாவின் குளத்தில் எத்தனை மிஞ்சும், மிஞ்சியது தேறுமா என்பது அந்த நாலு நாளில் இருந்தது. குளிர் இறங்க ஆரம்பித்துவிட்டால் மீன் வளர்ச்சி மந்தமாகிவிடும்; வெயில் இருக்கும்போதே பாசி பிடித்தாக வேண்டும். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் புலம்பினேன்.

"இந்தியாவிலேயே மீனைப் பட்டினி போட்ட மீன்வளத் துறை ஆபீசர் நீ ஒருத்திதான்" என்றார்.

"கேலி பண்ணாதீங்க. என்ன செய்ய, சொல்லுங்க."

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியாத மாதிரி என்கிட்ட வந்து கேக்கறே."

மனுஷர் வாயில் எப்போதாவதுதான் இப்படி வரும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நேராகக் குளத்துக்குப் போனேன். டைரக்டரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த அனுமதியைக் கேட்பதும் ஒரு விதத்தில் தப்பித்துக்கொள்வதுதான். நான், மண்டல்தா, பௌதி, சங்கத்து ஆட்கள் நாலு பேர், ஜீப் டிரைவர் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலைப் பைகளை அவிழ்த்தோம். மண்டல்தா மதகைத் திறந்தார். கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு உள்ளே வந்தது. சாக்கடை வருவதைப் பார்த்து எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது அன்று ஒரு நாள்தான்.

இத்தனை மட்டியை என்ன செய்வது? செத்தால் நாறி, தண்ணீரைக் கெடுக்கும். சங்கத்து ஆள் ஒருவர், கறி வைக்கலாமே என்றார். கூடவே கூடாது என்றேன். டீ வடிகட்டியில் தங்கின சக்கையை யாராவது தின்பார்களா? ஊர் அழுக்கை வடிகட்டின மட்டியும் அப்படித்தான். அப்போது பௌதி கையை நீட்டிக் காட்டினார். குளத்திலிருந்து மிச்சத் தண்ணீர் வெளியேறிக் கால்வாய்க்குப் போகும் சின்ன வாய்க்கால்.

"மீன் தின்னு முடிச்சு வெளிய போற தண்ணிதானே அது? அதுல போடுங்க. அதை எவ்வளவு வேணும்னாலும் தெளிய வைங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

இதற்குத்தான் நான் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தேன். உள்ளே வரும் தண்ணீர் மீனுக்கு, வெளியே போகும் தண்ணீர் மட்டிக்கு. வெளியே போகும்போது சுத்தமாகப் போனால் கீழே கால்வாய்க்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது. இவ்வளவுதான் விஷயம். எட்டாவது வரை படித்த பௌதிக்கு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது தோன்றியது, எனக்கு மூன்று வாரம் கழித்தும் தோன்றவில்லை.

டைரக்டரிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் சனிக்கிழமை காளிகாட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெற்றியில் குங்குமத்தோடு எனக்கும் ஒரு பேடா கொடுத்தார்.

திங்கட்கிழமை டெல்லி ஆபீசர் வந்தார். மூக்கில் கைக்குட்டை. சுண்ணாம்புக் கோட்டில் நின்று குளத்தைப் பார்த்தார். மூன்று நாள் வெயிலில் அது பாதிப் பச்சை, பாதிப் பழுப்பாக, ஆறிப்போன சூப் மாதிரி இருந்தது. சரி, வாய்க்காலையாவது காட்டலாம் என்றால், மட்டிகளுக்கு இடம் மாற்றினால் பிடிக்காது. வாயை மூடிக்கொண்டு இரண்டு மூன்று நாள் சத்தியாக்கிரகம் செய்யும். ஒன்றும் தெளிந்திருக்கவில்லை.

"எது அந்தச் சுத்தமான குளம்?" என்று கேட்டார்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு குளம் இருந்தது. அதைக் காட்டி ஏதாவது சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், உங்களிடம் அதை மறைக்கவில்லை.

"இதுதான் சார். போன வாரம் தெளிவா இருந்தது. நாங்கதான் திரும்ப அழுக்காக்கினோம்."

"ஏன்?"

"மீன் பட்டினி கிடந்தது, சார். தப்பு என்னோடது. மட்டியை வெளிய போற வாய்க்கால்ல வெச்சிருக்கணும், குளத்துல வெச்சிட்டேன்."

அவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ சரி" என்றார். பிறகு, பக்கத்தில் டீ கிடைக்குமா என்று கேட்டார். அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து வாய்க்கால் உண்மையிலேயே தெளிந்து ஓடியது. அதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. டைரக்டர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, பிறகு அவருக்கே அலுத்துப்போய்ப் பேசினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். ஜனவரியில் மீன் பிடித்தார்கள். மண்டல்தாவின் மீன் பிழைத்துக்கொண்டது, ஆனால் மற்றக் குளத்து மீனின் பக்கத்தில் வைத்தால் தம்பி மாதிரி இருந்தது. சங்கம் கூடியது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். தகரக் கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர். குளத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னார். மண்டல்தா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் எழுந்தேன். என் வங்காள மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மீனுக்கும் மரியாதை ஒன்றுதான், காலம் மூன்றும் ஒன்றுதான். ஆனாலும் சொன்னேன். குளத்தைக் கேட்டது நான், மதகை மூடச் சொன்னது நான், மீன் இளைத்ததற்குக் காரணம் நான், இவர் இல்லை.

சங்கத் தலைவர் மண்டல்தாவின் பக்கம் திரும்பினார். "தீதிக்குத் தெரியல, சரி. நீ தண்ணியிலேயே பொறந்தவன். உனக்குமா தெரியல?"

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சுது?"

"மதகை மூடும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

மண்டல்தா என்னைப் பார்க்காமல் சொன்னார். "தீதி தினமும் காலையில வந்து, குந்தி உட்கார்ந்து தண்ணிக்குள்ள பார்த்துச் சிரிப்பாங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. எப்படிச் சொல்றது?"

கொட்டகையே சிரித்தது. பௌதி நெற்றியில் அடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. மூடவா தீதி என்று அந்த மனுஷர் பலகையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, ஏன் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். எனக்கு அதற்கு நேரமில்லை, குளத்தின் அடியைப் பார்க்க வேண்டியிருந்தது. நீங்களும் நாளைக்கு ஜீப்பில் போய் இறங்குவீர்கள். உங்களிடமும் எல்லோரும் சரி என்பார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

சிரித்து முடித்துவிட்டுச் சங்கத்தார் தங்களுக்குள் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்கும் மேலே கை எழும்பியது. குளம் அந்தக் குடும்பத்திடமே இருக்கும் என்றார் தலைவர். ஆனால் ஒரு நிபந்தனை. பொறுப்பு இனி மண்டல்தாவின் பெயரில் இருக்காது, பௌதியின் பெயரில் இருக்கும். சர்க்கார் ஆட்கள் வந்தால் பேசுவதற்கு அந்த வீட்டில் ஒருத்தருக்காவது வாய் வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மண்டல்தா முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தது போல மூச்சு விட்டார். பௌதி எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக என்னிடம் வந்தார்.

"வாய்க்கால்ல இருக்கிற ஜினுக் அங்கேயே இருக்கட்டும், நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். "குளத்துப் பக்கம் வரணும்னா முதல்ல என்னைக் கேளுங்க. அவரைக் கேக்காதீங்க, அவர் சரின்னுதான் சொல்வார்."